30 பந்தில் 30 ஓட்டம்

50, 55, 77, 42. லொத்தர் நம்பர் இல்லை. 2023 செப்டெம்பர் முதல் 2024 நவம்பர் வரை, பதினைந்து மாதத்துக்குள் இலங்கை ஆண்கள் கிரிக்கெட் அணி சுருண்ட நான்கு இன்னிங்ஸ். ஆசியக் கிண்ண இறுதிப் போட்டியில், சொந்த ஊரான கொழும்பில், 50. உலகக் கிண்ணத்தில் மும்பாயில் 55. இரண்டும் இந்தியாவிடம். இருபது20 உலகக் கிண்ணத்தில் நியூயோர்க்கில் 77, டர்பன் டெஸ்டில் 42. இரண்டும் தென்னாபிரிக்காவிடம். அந்த 42தான் டெஸ்டில் இலங்கை எடுத்த ஆகக் குறைந்த ஓட்டம்.

இப்போ அதே பதினைந்து மாதத்தின் மற்றப் பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். 2024 ஓகஸ்டில் இந்தியாவுக்கு எதிரான ஒருநாள் தொடரை 2-0 என்று வென்றோம். 1997க்குப் பிறகு அதுதான் முதல் தடவை. செப்டெம்பரில் லண்டன் ஓவலில் இங்கிலாந்தைத் தோற்கடித்தோம். பெத்தும் நிஸ்ஸங்க 127, கடைசிவரை அவுட் இல்லை. அதே மாதம் காலியில் நியூசிலாந்துக்கு 2-0. கமிந்து மெண்டிஸ் 13ஆவது இன்னிங்ஸிலேயே 1000 டெஸ்ட் ஓட்டங்களைத் தொட்டார். டொன் பிரட்மனுக்கும் அதே 13தான் தேவைப்பட்டது.

எது உண்மையான டீம்? ரெண்டும்தான். பிரச்சினையே அங்கதான் இருக்கு. எப்போதும் தோற்கிற டீம் என்றால் மனசு பழகிவிடும். எப்போதும் ஜெயிக்கிற டீம் என்றால் கவலையே இல்லை. நமக்கு வாய்த்திருக்கிறது ரெண்டுக்கும் நடுவில் ஊஞ்சலாடுகிற டீம். இதுகிட்ட எவ்வளவு எதிர்பார்க்கலாம்?

வத்தேகமயில் இதற்கு மூன்று வகையான பதில் உண்டு. ஒன்று, 96 மாமாமார். என்ன நடந்தாலும் அவர்கள் லாகூர் இறுதிப் போட்டிக்குப் போய்விடுவார்கள். அரவிந்த டி சில்வா 107 அடித்து 3 விக்கெட்டும் எடுத்த நாள் அது. நாங்கள் யாரும் அப்போது பிறக்கவே இல்லை. இரண்டு, "நான் இனிப் பார்க்கவே மாட்டேன் மச்சான்" கட்சி. இவர்கள் டீவியை அணைத்துவிட்டுப் போனில் ஸ்கோர் பார்ப்பார்கள். மூன்று, கணக்குப் போடுகிறவர்கள். அவன் தோற்று, இவனுக்கு மழை பெய்து, ரன் ரேட் இவ்வளவு வந்தால் நாம் உள்ளே. மாத்தளை ரயிலில் கண்டிக்குப் போய், அங்கிருந்து பேராதனை கெம்பஸுக்குப் போகிற எங்கள் கூட்டம் பெரும்பாலும் இந்த மூன்றாவது கட்சி.

பல்லேகலை மைதானம் எங்கள் ஊருக்குப் பக்கம். அதனால் எதிர்பார்ப்பு முறிந்தால் என்ன நடக்கும் என்பதற்கு எங்களிடம் உள்ளூர் உதாரணமே இருக்கிறது. 2017 ஓகஸ்ட் 27. இந்தியாவுக்கு எதிரான மூன்றாவது ஒருநாள் போட்டி. நாம் எடுத்தது 217. ரோஹித் சர்மாவும் தோனியும் அதை நிதானமாகத் துரத்தினார்கள். இந்தியாவுக்கு இன்னும் 8 ஓட்டம் மட்டுமே தேவை என்ற நேரத்தில் அரங்கிலிருந்து போத்தல்கள் மைதானத்துக்குள் பறந்தன. ஆட்டம் அரை மணி நேரத்துக்கு மேல் நின்றது. தோனி புல்தரையிலேயே படுத்துவிட்டார். அந்தப் படம் உலகம் முழுக்கப் போனது.

அந்தக் கோபம் ஒரு நாளில் வந்ததில்லை. அந்த வருடம் ஜூனில் இதே இந்தியாவை சம்பியன்ஸ் கிண்ணத்தில் 322 ஓட்டங்களைத் துரத்தி ஜெயித்திருந்தோம். ஜூலையில் சொந்த மண்ணில் சிம்பாப்வேயிடம் ஒருநாள் தொடரை 3-2 என்று தோற்றோம். ஜூனில் ஏறிய எதிர்பார்ப்பு ஓகஸ்டில் போத்தலாக இறங்கியது. ஆனாலும் போத்தல் எறிவது ரசிகரின் வேலை இல்லை. டிக்கெட் காசு கொடுத்ததால் வெற்றியையும் சேர்த்து வாங்கிவிட்டோம் என்று நினைக்கிற முதலாளியின் வேலை அது.

ஏழு வருடம் கழித்து, 2024 ஜூலை 30, அதே மைதானத்தில் நாங்கள் இருந்தோம். மூன்று போட்டி கொண்ட இருபது20 தொடரின் கடைசி நாள். முதல் போட்டியில் 1 விக்கெட்டுக்கு 140 என்று இருந்துவிட்டு 170க்குச் சுருண்டிருந்தோம். அடுத்த நாள் 2 விக்கெட்டுக்கு 130, முடிந்தது 161இல். மூன்றாவது நாள் இந்தியா எடுத்ததே 137. எங்களுக்குக் கடைசி 30 பந்தில் 30 ஓட்டம் வேண்டும், கையில் 9 விக்கெட். இதை எதிர்பார்க்காமல் வேறு எதை எதிர்பார்ப்பது?

19ஆவது ஓவரை வீசியது ரிங்கு சிங், கடைசி ஓவரை வீசியது சூரியகுமார் யாதவ். ரெண்டு பேரும் பந்துவீச்சாளர்களே இல்லை. கடைசி ஓவரில் 6 வேண்டும், 5தான் வந்தது. சமநிலை. சுப்பர் ஓவரில் நாம் 2 ஓட்டத்துக்கு 2 விக்கெட்டையும் கொடுத்தோம். இந்தியா முதல் பந்திலேயே பவுண்டரி அடித்து முடித்துவிட்டது. எங்கள் வரிசையில் யாரும் எதையும் எறியவில்லை. பப்பரே சத்தம் நின்றது, அவ்வளவுதான்.

இதற்கு இரண்டு நாள் முன்னாடி, ஜூலை 28 அன்று, தம்புள்ளையில் சமரி அத்தபத்துவின் அணி இந்தியாவை 8 விக்கெட்டால் வென்று மகளிர் ஆசியக் கிண்ணத்தை முதல் தடவையாகக் கொண்டுவந்தது. அன்றைக்கு எங்கள் வட்ஸ்அப் குரூப் முழுக்கப் பல்லேகலை பற்றித்தான் பேச்சு. கிண்ணம் வந்த பிறகுதான் தம்புள்ளை பக்கம் திரும்பினார்கள். எதிர்பார்ப்பை எப்போதும் ஒரே இடத்தில் கொட்டிக்கொண்டிருந்தால், பக்கத்தில் நடக்கிற நல்லது கண்ணில் படாது.

அமெரிக்காவின் பேஸ்போல் ரசிகர்களைப் பார்த்தால் கொஞ்சம் பொறாமையாக இருக்கும். அவர்களுக்கு ஒரு பருவத்தில் 162 ஆட்டம். 2024இல் சம்பியன் ஆன டொட்ஜர்ஸ் அணியே அதில் 64 ஆட்டம் தோற்றது. தோல்வி அங்கே வாரத்தில் ரெண்டு, மூன்று தடவை வந்துபோகிற விருந்தாளி. நமக்கோ ஒரு உலகக் கிண்ணத்தில் 9 ஆட்டம். அதனால் ஒவ்வொன்றையும் பரீட்சை முடிவு மாதிரிப் பார்க்கிறோம்.

ஆனால் அளவாக எதிர்பார்க்கிறது என்றால், குறைவாக எதிர்பார்க்கிறது இல்லை. சரியான இடத்தில் எதிர்பார்க்கிறது. பல்லேகலை தோல்விக்கு ஒரு வாரத்தில் கொழும்பின் மெதுவான, பந்து திரும்புகிற ஆடுகளத்தில் ஜெப்ரி வண்டர்சே 33 ஓட்டத்துக்கு 6 விக்கெட், துனித் வெல்லாலகே 27க்கு 5. அங்கே வெற்றியைக் கேட்கலாம், கேட்கணும். டர்பனில் பந்து எகிறுகிற ஆடுகளத்தில் மார்கோ யான்சன் 13 ஓட்டத்துக்கு 7 விக்கெட் எடுக்கிறபோது, கேட்க வேண்டியது வெற்றியை இல்லை: இந்த மாதிரி ஆடுகளத்தில் பழகுவதற்கு நம்ம பிள்ளைகளுக்கு உள்ளூரில் என்ன வசதி இருக்கு என்ற கேள்வியை. அது வீரர்களுக்கு மட்டும் போகிற கேள்வி இல்லை. கிரிக்கெட் சபைக்குப் போகிற கேள்வி.

அந்தக் கேள்வி எப்படித் திசை மாறும் என்பதையும் பார்த்துவிட்டோம். 55க்குச் சுருண்ட கோபத்தில் விளையாட்டுத்துறை அமைச்சர் சபையைக் கலைத்தார், நீதிமன்றம் அதை நிறுத்திவைத்தது, 2023 நவம்பர் 10 அன்று சர்வதேச கிரிக்கெட் சபை இலங்கையையே இடைநிறுத்தியது. துடுப்பாட்டம் ஏன் சரிந்தது என்ற கேள்வி அந்தச் சத்தத்தில் அமுங்கிப் போனது.

இனி எங்களுக்கு மட்டும் இருக்கிற ஒரு சிக்கல். பல்லேகலையில் நாங்கள் தமிழில் பேசுவதைக் கேட்டு, பின் வரிசையில் இருந்த ஒருவர் கேட்டார்: "நீங்க இந்தியாவுக்குத்தானே?" கோபமாகக் கேட்கவில்லை, சும்மா தெரிந்துகொள்ளத்தான். நாங்கள் அணிந்திருந்தது நீல ஜேர்சி. இலங்கையுடையதும் நீலம்தான், என்ன செய்ய. வீட்டுக்கு வந்தால் அங்கே எதிர்ப்பக்கத்துக் கேள்வி. 83ஐப் பார்த்த பெரியவர் ஒருவர், "இவங்க தோத்தா உங்களுக்கென்னடா?" என்றார்.

ரெண்டு கேள்விக்கும் எங்களிடம் ஒரே பதில்தான். யார்கிட்ட எதிர்பார்ப்பு இருக்கோ, அங்கதான் ஏமாற்றம் வரும். 42ஐப் பார்த்து எங்களுக்குச் சோறு இறங்கவில்லை என்றால், அந்த டீம் எங்களுடையது. இதற்கு யாருடைய சான்றிதழும் வேண்டாம். குண்டசாலையில் பிஸ்கட் தொழிற்சாலை வைத்திருந்த ஒரு தமிழ்க் குடும்பத்துப் பையன் 800 டெஸ்ட் விக்கெட் எடுத்த நாடு இது. 1995இல் மெல்பேர்னில் அவர் பந்தை நோ போல் என்று திரும்பத் திரும்ப அறிவித்தபோது, அணித்தலைவர் அர்ஜுன ரணதுங்க அவர் பக்கம் நின்றார். முரளி கைக்குப் பந்து போனால் எதையும் எதிர்பார்க்கலாம் என்று முழுத் தீவும் நம்பிய காலம் ஒன்று இருந்தது. 2010 ஜூலையில் அவர் டெஸ்டிலிருந்து விலகினார். பல்லேகலையில் முதல் டெஸ்ட் அந்த வருடம் டிசெம்பரில்தான் நடந்தது. ஊர்ப் பிள்ளை அந்த மைதானத்தில் ஒரு டெஸ்ட்கூட ஆடவில்லை. இதற்கும் சேர்த்து ஏமாறுகிற உரிமை எங்களுக்கு உண்டு.

தமிழில் 'சொந்தக்காரர்' என்றால் உறவினர் என்றும் அர்த்தம், உரிமையாளர் என்றும் அர்த்தம். ரசிகர் முதல் அர்த்தத்தில் இருக்கணும். உறவுக்காரர் திட்டுவார், கேள்வி கேட்பார், அடுத்த நாள் வந்து நிற்பார். பேர்சி அபேசேகர அப்படித்தான் பல பத்தாண்டுகள் கொடியோடு வந்து நின்றார். 2023 ஆசியக் கிண்ணத்துக்கு வந்த ரோஹித் சர்மா அவரை வீட்டுக்கே போய்ப் பார்த்தார். 2017இல் போத்தல்கள் பறந்தபோது ஆடுகளத்தில் நின்ற அதே ரோஹித்தான். அந்த வருடம் ஒக்டோபர் 30ஆம் திகதி பேர்சி காலமானார். அன்றைக்கும் இலங்கை ஆப்கானிஸ்தானிடம் தோற்றது.

2025 பெப்ரவரியில் என்ன நடந்தது என்று சொல்லி முடிக்கிறோம். மாதத் தொடக்கத்தில் காலி டெஸ்டில் அவுஸ்திரேலியாவிடம் இன்னிங்ஸ் மற்றும் 242 ஓட்டங்களால் தோல்வி. 14ஆம் திகதி கொழும்பில் அதே நாட்டின் ஒருநாள் அணியை, உலக சம்பியனை, 107க்குச் சுருட்டி வெற்றி. 96 மாமா ஒருவர் கேட்டார்: "அப்போ அடுத்த உலகக் கிண்ணம் நமக்குத்தானே?" அவசரப்படாதீங்க மாமா. முதல்ல 30 பந்தில் 30 ஓட்டம் எடுக்கப் பழகட்டும். அதை மட்டும் கண்டிப்பா எதிர்பார்ப்போம்.