நூற்று எழுபத்தெட்டு

அம்மாடி,

திங்கட்கிழமை ஏழாம் வகுப்புக்குக் கோணங்கள் தொடங்கப் போகிறாய் என்று உன் அம்மா சொன்னாள். முப்பத்துநான்கு வருஷம் சாக்பீஸ் பிடித்த கை, சும்மா இருக்குமா? பாடக்குறிப்பெல்லாம் நீயே எழுதிக்கொள்வாய். நான் பட்டதை மட்டும் சொல்கிறேன்.

வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருஷம். முக்கோணத்தின் மூன்று கோணங்களையும் கூட்டினால் 180 பாகை என்று கரும்பலகையில் பெரிதாக எழுதிவிட்டு, ஆளுக்கொரு முக்கோணம் வரைந்து அளந்து சரிபார்க்கச் சொன்னேன். முன்பெஞ்சுப் பையன் ஒருவனுக்கு 178 வந்தது. சிவப்பு மையால் சுழித்து, “மறுபடி அள” என்றேன். அளந்தான். மறுபடியும் 178. இன்னொரு தடவை என்றேன். என் முகத்தைப் பார்த்தான், நோட்டைப் பார்த்தான், 64ஐ அழித்து 66 ஆக்கினான். ‘நன்று’ போட்டுக் கொடுத்தேன்.

அன்று சாயங்காலம் நாற்பத்திரண்டு நோட்டும் திருத்தினேன். நாற்பத்திரண்டிலும் 180. மழுங்கின பென்சில், கோடு தேய்ந்த பாகைமானி, ஆடுகிற பெஞ்சு. இத்தனைக்கும் நடுவில் ஒரு பிள்ளைக்குக்கூட ஒரு பாகை கூடவுமில்லை, குறையவுமில்லை. சந்தேகப்பட்டிருக்க வேண்டாமா? பூரித்துப்போய் உன் பாட்டியைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவள்தான், “எல்லாத்துக்கும் எப்படிங்க ஒரே மாதிரி வரும்? ஒரே மாவில சுட்ட தோசையே ஒண்ணு மாதிரி ஒண்ணு இருக்கிறதில்லையே” என்றாள். கோபம்தான் வந்தது. அவள் சொன்னது எனக்கு உறைக்க வருஷங்கள் ஆயிற்று.

அதற்கப்புறம் விடையை முதலில் சொல்வதை விட்டேன். வந்ததை வந்தபடி சொல்லச் சொல்லிப் பலகையில் வரிசையாக எழுதுவேன். 178, 181, 180, 176, 183. ஒருத்தி எழுந்து 240 என்றாள். வகுப்பே சிரித்தது. நீ சிரித்துவிடாதே. பாகைமானியில் இரண்டு வரிசை எண்கள் எதிரெதிராக ஓடுகின்றன. 60 இருக்கும் இடத்திலேயே 120உம் உட்கார்ந்திருக்கிறது. அவள் 60ஐ 120 என்று படித்திருந்தாள், அவ்வளவுதான். கருவியை வைக்கும் முன்பே, “இது செங்கோணத்தைவிடச் சின்னதா, பெரிசா?” என்று கண்ணால் பார்த்து வாயால் சொல்ல வை. இந்தப் பிழை பாதி தீர்ந்துவிடும்.

இன்னொன்று. கோட்டை நீளமாக இழுத்தால் கோணமும் பெரிதாகிவிடும் என்று பல பிள்ளைகள் நம்புவார்கள், வெளியே சொல்ல மாட்டார்கள். மூன்று மணிக்குச் சுவர்க் கடிகாரத்தையும் உன் கைக்கடிகாரத்தையும் பக்கத்தில் வைத்துக் காட்டு. முள்ளின் நீளம் வேறு, திறப்பு ஒன்றுதான்.

பலகையில் எண்கள் நிற்கும்போது யாராவது ஒரு பிள்ளை கேட்கும்: “டீச்சர், எல்லாம் 180 பக்கத்துலயே வருதே, ஏன்?” அந்தக் கேள்வி வரும்வரை வாயைத் திறக்காதே. மணி அடித்தாலும் பரவாயில்லை, மறுநாள் வரும். சிலர் காகித முக்கோணத்தின் மூன்று மூலைகளையும் கிழித்துச் சேர்த்து வைத்து, நேர்கோடு வந்துவிட்டது பார் என்று முடித்துவிடுவார்கள். நானும் செய்திருக்கிறேன், பிள்ளைகளுக்குப் பிடிக்கும். ஆனால் கிழித்த காகிதத்திலும் மயிரிழை இடைவெளி இருக்கும். 179 இல்லை என்று காகிதத்தால் சொல்ல முடியாது.

சொல்ல வைப்பது ஒரு கோடு. முக்கோணத்தின் உச்சி வழியாக அடிப்பக்கத்துக்கு இணையாக ஒன்று இழு. கீழே இருக்கும் இரண்டு கோணங்களும் ஒன்றுவிட்ட கோணங்களாக மேலே ஏறி, உச்சிக் கோணத்துக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று என்று உட்கார்ந்துகொள்ளும். மூன்றும் ஒரே நேர்கோட்டின் மேல். 180ஐத் தவிர வேறு போக்கில்லை. யூக்ளிட் முதல் புத்தகத்தில் 32ஆவதாக இதைத்தான் நிறுவினார். உச்சியில் கோடு போடாமல் அடிப்பக்கத்தை நீட்டிக்கொண்டு போனார். இதற்குப் பாகைமானியே வேண்டாம் என்று தெரிகிற அந்த நிமிஷத்தில் பிள்ளைகள் முகத்தைப் பார்.

‘ஒன்றுவிட்ட’ என்றதும் ஒருவன், “ஒன்றுவிட்ட அண்ணன் மாதிரியா சார்?” என்றான். அதட்டத்தான் வாய் திறந்தேன், நல்லவேளை அதட்டவில்லை. வெட்டும் கோட்டுக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று, ஆனால் முகஜாடை ஒன்று. ஒன்றுவிட்ட அண்ணன் தம்பிதானே? அன்றிலிருந்து என் வகுப்பில் குத்தெதிர்க் கோணம் எதிர்வீட்டுக்காரர், ஒத்த கோணம் அடுத்த தெருவில் அதே கதவு எண். ஒரு எச்சரிக்கை: ஒன்றுவிட்டதும் ஒத்ததும் சமமாக இருப்பது கோடுகள் இணையாக இருந்தால்தான். நான் பலகையில் எப்போதும் இணைகோடுகளையே போட்டுக் காட்டிப் பழக்கிவிட்டேன். பரீட்சையில் சாய்ந்த கோடு வந்தது, பாதி வகுப்பு கண்ணை மூடிக்கொண்டு ‘சமம்’ என்று எழுதிவிட்டது. இரண்டாம் நாளே இணையில்லாத கோடுகளையும் போடு.

இதெல்லாம் எதற்கு என்று கேட்பவர்களுக்குப் பூமியை அளந்த எரடோஸ்தனிசைச் சொல். கி.மு. மூன்றாம் நூற்றாண்டு. தெற்கே சையீனில், இன்றைய அஸ்வானில், கோடைக் கதிர்த்திருப்ப நாள் உச்சிவேளையில் வெயில் கிணற்றின் அடிவரை இறங்கியது. அதே நேரத்தில் வடக்கே அலெக்சாண்டிரியாவில் நட்ட குச்சிக்கு நிழல் விழுந்தது. அங்கே வெயிலின் சாய்வு ஒரு முழுவட்டத்தில் ஐம்பதில் ஒரு பங்கு, அதாவது 7.2 பாகை. சூரியக் கதிர்கள் இணைகோடுகள். அந்தக் குச்சியை மனசுக்குள் பூமியின் மையம்வரை நீட்டினால் அதுதான் வெட்டும் கோடு. நிழல் காட்டிய கோணமும் மையத்தில் இருக்கும் கோணமும் ஒன்றுவிட்டவை. இரண்டு ஊருக்கும் இடைத்தூரம் 5,000 ஸ்டேடியா, ஐம்பதால் பெருக்கினால் பூமியின் சுற்றளவு 2,50,000 ஸ்டேடியா. உன் பிள்ளைகள் நோட்டில் போடும் அதே படம்தான்.

அந்த 178 பையன் இப்போது பக்கத்து ஊரில் கட்டட மேஸ்திரி. நம் வீட்டு மாடிக்கு அவன்தான் நூல் கட்டினான். ஒரு பக்கம் 3 அடி, மறுபக்கம் 4 அடி குறித்து, குறுக்கே டேப்பைப் பிடித்தான். “5 வரலை சார், ஒரு விரக்கடை கம்மி” என்று முளையைப் பிடுங்கி மாற்றி அடித்தான். நான் சுழித்த நோட்டு அவனுக்கு ஞாபகமில்லையாம். டீ குடித்துக்கொண்டே கேட்டேன்.

திங்கட்கிழமை உன் பிள்ளைகள் சொல்லும் எண்களைப் பலகையோடு போட்டோ எடுத்து அனுப்பு. அந்த 240ஐ அழித்துவிடாதே.

தாத்தா