முழங்கால் உயர ஊரில் ஒரு நாள்

லண்டன் மாநகருக்குப் போய் வந்தவர்கள் அரண்மனையைப் பற்றியும் பெரிய மணிக்கூண்டைப் பற்றியும் எழுதுவது வழக்கம். நான் அவற்றைப் பார்க்காமல் வரவில்லை. ஆனால் வாசக அன்பர்களுக்கு நான் சொல்ல விரும்புவது முழங்கால் உயரமே உள்ள ஓர் ஊரைப் பற்றி. அங்கே தேவாலயம் இருக்கிறது, கடைத்தெரு இருக்கிறது, துறைமுகம் இருக்கிறது, நிலக்கரிச் சுரங்கமும் இருக்கிறது. ஊரைச் சுற்றி நாள் முழுவதும் ரயில் ஓடுகிறது. மக்கள் மட்டும் ஐந்தரை அங்குலம்!

என் மகள் இங்கிலாந்தில் தாதியாக வேலை பார்க்கிறாள். சென்ற ஆண்டு கோடையில் அவள் வீட்டுக்குப் போயிருந்தேன். பேரனுக்கு ஒன்பது வயது. "தாத்தா, உங்களுக்குப் பிடித்த இடம் ஒன்று இருக்கிறது, வாருங்கள்" என்று அவன்தான் என்னை இழுத்துக்கொண்டு போனான். தோட்டத்தில் முப்பது ஆண்டுகள் தச்சு வேலை செய்தவனுக்கு எது பிடிக்கும் என்று பேரனுக்குத் தெரிந்திருக்கிறது.

லண்டனில் மேரிலபோன் நிலையத்தில் ரயில் ஏறினோம். ஏறக்குறைய அரை மணி நேரத்தில் பெக்கன்ஸ்பீல்டு என்ற சிற்றூரில் இறங்கினோம். லண்டனிலிருந்து சுமார் 25 மைல். நிலையத்திலிருந்து நடந்தே போய்விடலாம். வீடுகள் நிறைந்த ஒரு சாலையில், பெரிய வாசல் எதுவும் இல்லாமல் அடக்கமாக இருக்கிறது பெக்கன்ஸ்காட் மாதிரி ஊர்.

ஒருவர் தோட்டத்தில் பிறந்த ஊர்

இந்த ஊரைக் கட்டியவர் அரசரும் அல்ல, அரசாங்கமும் அல்ல. ரோலண்ட் காலிங்காம் என்ற கணக்காளர். வீட்டுக்குள் அவர் வைத்திருந்த விளையாட்டு ரயில் பெருகிப் பெருகி இடத்தை அடைத்துக்கொண்டதாம். "ஒன்று ரயில் வெளியே போகவேண்டும், இல்லாவிட்டால் நான் போகவேண்டும்" என்று அவர் மனைவி சொல்லிவிட்டதாக ஒரு கதை வழங்குகிறது. கதை எப்படியோ, ரயில் தோட்டத்துக்குப் போய்விட்டது. ரயில் போகும் வழியில் ஒரு வீடு, பிறகு ஒரு கடை, பிறகு ஒரு தேவாலயம் என்று ஊர் வளர்ந்தது. 1929ஆம் ஆண்டு அது திறக்கப்பட்டது. பெக்கன்ஸ்பீல்டு என்ற பெயரையும், அவர் முன்பு குடியிருந்த ஆஸ்காட் என்ற ஊரின் பெயரையும் சேர்த்து பெக்கன்ஸ்காட் என்று பெயர் வைத்தார். பின்னாளில் எலிசபெத் மகாராணியாரான இளவரசியும் 1934ஆம் ஆண்டு, சிறுமியாக இருந்தபோது, பாட்டியார் மேரி அரசியுடன் இங்கு வந்திருக்கிறார்.

காலிங்காம் 1961ஆம் ஆண்டு காலமானார். 1978ஆம் ஆண்டு முதல் ஒரு கிறிஸ்துவத் தொண்டு அமைப்பு இதைக் கவனித்து வருகிறது. செலவு போக எஞ்சுவது தருமத்துக்குப் போகிறது.

இங்குள்ள கணக்கு மிகச் சுலபம். நிஜத்தில் ஓர் அடி என்றால் இங்கே ஓர் அங்குலம். இருபத்தைந்து அடி உயர மாடிவீடு இருபத்தைந்து அங்குலத்தில் நிற்கிறது. இப்படி ஏறக்குறைய இருநூறு கட்டிடங்கள், சுமார் மூவாயிரம் மனிதர்கள். கிரிக்கெட் ஆடுகிறார்கள், திருமணம் செய்துகொள்கிறார்கள், மிருகக்காட்சிசாலையில் வேடிக்கை பார்க்கிறார்கள். ஒரு கூரை வீடு புகைந்துகொண்டே இருக்கிறது, தீயணைப்பு வீரர்கள் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டே இருக்கிறார்கள். காய்கறிக் கடைக்காரர் பெயர் கிரிஸ் பி. லெட்டிஸ். சேர்த்து வாசித்தால் 'மொறுமொறு கீரை' என்று பொருள் வரும். பேரன் இதை எனக்கு விளக்கிவிட்டு விழுந்து விழுந்து சிரித்தான்.

ரயிலைப் பார்த்தபோது என் தச்சுக் கண்ணுக்கு ஒன்று உறுத்தியது. வீடுகளோடு ஒப்பிட்டால் ரயில் பெட்டிகள் மிகச் சிறியவை. விசாரித்ததில், தண்டவாளங்களுக்கு இடையே 45 மில்லிமீட்டர்தான். அந்த அளவு ரயிலுக்கு ஓர் அடி என்பது ஓர் அங்குலத்தில் பாதிகூட இல்லை. ஆனால் ரயில் ஓடத் தொடங்கிவிட்டால் யாருக்கும் இது தோன்றுவதில்லை. மேரிலூ என்ற பெரிய நிலையத்திலிருந்து அது புறப்பட்டு, பாலம் ஏறி, சுரங்கத்தில் நுழைந்து, மறுபக்கம் வரும்போது பெரியவர்களும் குழந்தைகளைப் போலக் கைநீட்டுகிறார்கள்.

மழையும் பனியும் வாடகை கேட்கும்

மற்றவர்கள் ரயிலின் பின்னால் போனார்கள். நான் வீடுகளின் அடிப்பாகத்தைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தேன். பலகை வீடு எங்கிருந்து கெடும் என்பது எனக்குத் தெரியும். கூரையிலிருந்து ஒழுகும், தரையிலிருந்து உளுக்கும். பெரிய வீட்டுக்கு உள்ள நோயெல்லாம் சின்ன வீட்டுக்கும் உண்டு.

சொல்லப்போனால், சின்ன வீட்டுக்கு நோய் அதிகம். நம் லயத்துச் சுவரில் கொஞ்சம் பாசி படிந்தால் நாம் கவலைப்படமாட்டோம். இங்கே அதே பாசி சன்னலை மறைக்கும் புதர் ஆகிவிடும். உதிர்ந்த இலை ஒன்று கடை வாசலையே அடைத்துவிடும். வெயிலில் சாயம் வெளுக்கிறது. மழை நீர் மெல்லிய வெடிப்பில் இறங்குகிறது. குளிர்காலத்தில் அந்த நீர் உறைந்து பனிக்கட்டியாகும்போது சுமார் 9 விழுக்காடு பருக்கிறது. அந்தப் பருமன் சிமெண்டையும் பிளக்கும், மரத்தையும் பிளக்கும். நம் நாட்டில் கரையான் செய்கிற வேலையை அங்கே பனி செய்கிறது.

ஆகவே குளிர்கால மாதங்களில் ஊரை மூடிவிடுகிறார்கள். பழுதான கட்டிடங்களைப் பெயர்த்துப் பட்டறைக்குக் கொண்டுபோகிறார்கள். வேலைமுறை நம் வேலைமுறைதான். முதலில் நன்றாகக் காயவிடவேண்டும். ஈரத்தின் மேல் சாயம் பூசினால் ஈரத்தை உள்ளே வைத்துப் பூட்டியதாகும். பிறகு உரிந்த சாயத்தைச் சுரண்டி, உளுத்த பகுதியை நல்ல மரம் தெரியும் வரை வெட்டியெடுத்து, அதே அளவில் புதுத் துண்டு இணைக்கவேண்டும். புட்டி அடைத்து, உப்புத்தாள் தேய்த்து, அடிச்சாயம் பூசி, அதன் பிறகே நிறம். பழைய சாயத்தின் மேல் புதுச்சாயத்தைப் பூசிக்கொண்டே போனால், மயிரிழை போல் செதுக்கிய செங்கல் வரிகள் எல்லாம் மூழ்கிவிடும். பெரிய வீட்டில் தெரியாத சாயத்தின் கனம் சின்ன வீட்டில் தெரியும்.

தொடக்கத்தில் வீடுகளை மரத்தாலும் சிமெண்டாலும் செய்திருக்கிறார்கள். பிற்காலத்தில் நீர் ஏறாத பிளாஸ்டிக் பலகை வந்தது. அதில் ஒவ்வொரு செங்கலையும் கையால் கீறி, தனித்தனியாகச் சாயம் தீட்டுகிறார்கள்.

அன்று ஒரு பணியாளர் மண்டியிட்டு ஒரு சன்னல் சட்டத்துக்குச் சாயம் பூசிக்கொண்டிருந்தார். என் வயதுதான் இருக்கும். நானும் தச்சன்தான் என்று பேரன் மூலம் சொன்னதும் அவர் முகம் மலர்ந்தது. "இது 1929இல் கட்டிய அதே வீடுதானா?" என்று கேட்டேன். சில வீடுகளில் பழையது மரமல்ல, வடிவம்தான் என்றார். சுவர் மாறும், கூரை மாறும், சன்னல் மாறும். ஆனால் ஒன்றைக் கழற்றும்போதே அதன் அளவை எடுத்துவிட்டால் வீடு போகாது என்றார்.

எனக்கு எங்கள் லயத்தின் கடைசி வீடு நினைவுக்கு வந்தது. அதில் நானே மாற்றாத பலகை ஒன்றுகூட இல்லை. ஆனாலும் கடைசி வரை அது 'கடைசி வீட்டுப் பாட்டி வீடு'தான்.

கடிகாரத்தைத் திருப்பிய ஊர்

இந்த ஊருக்கு ஒரு சோதனைக் காலமும் வந்தது. வெளியுலகம் மாற மாற, ஊரையும் மாற்றிக்கொண்டே வந்தார்கள். பழைய கடைகள் போய் நவீனக் கட்டிடங்கள் வந்தன. நீராவி ரயில் இருந்த இடத்தில் டீசல் ரயில் வந்தது. இப்படியே போனால், வெளியே எங்கும் பார்க்கக்கூடியதைச் சின்னதாகப் பார்க்க யார் வருவார்கள்? 1992ஆம் ஆண்டு வாக்கில் ஒரு முடிவு செய்தார்கள். ஊரை மறுபடியும் 1930களுக்கே கொண்டுபோவது என்று. புதியவற்றை எடுத்துவிட்டு, பழைய தோற்றத்திலேயே வீடுகளைச் செப்பனிட்டார்கள். இன்று நாம் பார்ப்பது அந்த ஊரைத்தான்.

இது சரியா என்று எனக்குள் ஒரு கேள்வி எழுந்தது. அந்தக் காலத்து ஏழைகளின் பாடு இந்த அழகான ஊரில் தெரியவில்லை. சுரங்கத் தொழிலாளியின் முகத்தில் சாயம் இருக்கிறது, களைப்பு இல்லை. ஆனாலும் சுரங்கம் என்று ஒன்று இருந்தது, அதில் மனிதர் உழைத்தனர் என்று ஒரு குழந்தை கேட்டுத் தெரிந்துகொள்ள அது அங்கே நிற்கிறதே!

பிறகு பேரன் ஒரு வெள்ளை வீட்டின் முன் என்னை நிறுத்தினான். 'கிரீன் ஹெட்ஜஸ்' என்ற வீடு. நம் பிள்ளைகள் பள்ளி நூலகத்தில் விரும்பி வாசித்த சிறுவர் கதைகளை எழுதிய எனிட் பிளைட்டன், 1938 முதல் 1968 வரை இந்த ஊரில் குடியிருந்த வீடு அது. நிஜ வீட்டை 1973ஆம் ஆண்டு இடித்துவிட்டார்கள். அங்கே புது வீடுகள் எழும்பின. அந்தத் தெருவுக்கு மட்டும் அவர் பெயரை வைத்தார்கள். அவர் பிறந்த நூற்றாண்டான 1997ஆம் ஆண்டு இந்த மாதிரி வீட்டை இங்கே வைத்தார்கள். பெரிய வீடு போய்விட்டது. சின்ன வீட்டைப் பார்க்க வெளியூர்களிலிருந்து பிள்ளைகள் வருகிறார்கள்.

"தாத்தா, உங்கள் லயம் எங்கே இருக்கிறது? ஊருக்கு வரும்போது காட்டுங்கள்" என்றான் பேரன்.

நான் உடனே பதில் சொல்லவில்லை.

நான் எடுக்காத அளவு

எங்கள் தோட்டம் 1996ஆம் ஆண்டு வீடமைப்புப் பகுதியாக மாறியது. சாலைப் பலகையில் தோட்டத்தின் பெயர் மட்டும் இருக்கிறது. லயத்தைப் பிரித்தவர்களில் நானும் ஒருவன். பலகை விலைபோகும் என்பதற்காக உடையாமல் ஆணி பிடுங்கத் தெரிந்த ஆள் வேண்டும் என்று என்னைக் கூப்பிட்டார்கள். கூலிக்குப் போனேன். நான் பிறந்த அறையின் பலகையை நானே கழற்றி லாரியில் ஏற்றினேன். அளவு நாடா என் இடுப்பில்தான் இருந்தது. ஒரு முறைகூட அதை நீட்டிப் பிடிக்கத் தோன்றவில்லை.

ஊர் திரும்பியதும் ஒரு லயத்தைச் சின்னதாகச் செய்வது என்று உட்கார்ந்தேன். கை தயாராக இருந்தது, கணக்கு இல்லை. வாசலுக்கு எத்தனை படி என்று என் தங்கையைக் கேட்டேன். மூன்று என்றாள். பக்கத்து வீட்டில் இருந்த அண்ணன் நான்கு என்று சத்தியம் செய்தார். தண்ணீர்ப் பைப்பு ஆயாக் கொட்டகைப் பக்கமா, பெரட்டுக்களத்துப் பக்கமா என்பதில் ஒரு மாலை முழுதும் வாக்குவாதம் நடந்தது. ஐம்பது ஆண்டு குடியிருந்த வீடு, இருபத்தைந்து ஆண்டுக்குள் இப்படிக் கரைந்துவிட்டது.

நல்லவேளையாக, அடுத்த தோட்டத்தில் ஆள் இல்லாத பழைய லயம் ஒன்று இன்னும் நிற்கிறது. அனுமதி கேட்டுப் போய் அளந்தேன். வீட்டின் முகப்பு 12 அடி. ஆறு வீட்டு வரிசை 72 அடி. அங்குலக் கணக்கில் ஆறடிப் பலகையில் அடங்கிவிடும். படிகள் மூன்று. தங்கை சொன்னதே சரி.

வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் அருகில் பழைய லயமோ, பால் ஸ்டோரோ, சின்னக் கோவிலோ நின்றுகொண்டிருந்தால், இந்த விடுமுறையில் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு போங்கள். அளவு நாடாவும் பள்ளி நோட்டுப் புத்தகமும் போதும். நீளம், அகலம், கூரையின் உயரம், சன்னல் தரையிலிருந்து எத்தனை அடி, கிணறும் பைப்பும் எந்தத் திசையில் என்று எழுதிக்கொள்ளுங்கள். நான்கு பக்கமும் படம் எடுங்கள். மாதிரி செய்வதை நாளைக்கு யார் வேண்டுமானாலும் செய்துகொள்ளலாம். அளவை இன்றைக்குத்தான் எடுக்கமுடியும்.

என் லயத்தில் இதுவரை இரண்டு வீடுகள் எழும்பியிருக்கின்றன. பேரன் டிசம்பர் விடுமுறைக்கு வருகிறான். கடைசி வீட்டை அவன் கையால் அடிக்கட்டும் என்று பலகையை இழைத்து வைத்திருக்கிறேன்.