தென்னை வைத்தவன் கணக்கு

உலகத்தில் அவசரமாகச் செய்யக்கூடிய காரியங்கள் பல இருக்கின்றன. ரயிலைப் பிடிக்க ஓடலாம். கலியாணப் பந்தியில் இடம் பிடிக்க ஓடலாம். கடன்காரரைக் கண்டால் இன்னும் வேகமாக ஓடலாம். ஆனால் எவ்வளவு ஓடினாலும் அவசரமாக முடிக்க இயலாத காரியங்களும் சில உண்டு. தேகத்தைத் திடப்படுத்திக் கொள்வது அவற்றுள் ஒன்று. இதைச் சொன்னால் இளைஞர்களுக்கு நம்மீது கோபம் வருகிறது. கோபம் வந்தாலும் பாதகமில்லை. கோபித்துக்கொண்ட பிறகாவது சற்று யோசிப்பார்கள் அல்லவா?

நாம் வசிக்கும் ஜெயமங்கலத்தில் இதை விளக்குவதற்குப் பெரிய சாஸ்திரம் எதுவும் தேவையில்லை. பெரியகுளத்திற்கு அருகே, வராக நதியின் தண்ணீரை நம்பி வாழ்கிற பூமி இது. இந்தப் பக்கத்தில் தக்காளி நட்டவன் மூன்று மாதத்திற்குள் கூடையை எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குப் போகிறான். வாழை வைத்தவன் ஏறக்குறைய ஒரு வருஷம் பொறுக்கிறான். நாட்டுத் தென்னை வைத்தவனோ, பாளை வருகிறதா என்று ஐந்து முதல் ஏழு வருஷம் வரை அண்ணாந்து பார்க்கிறான். தக்காளிச் செடியின் ஆயுள் அந்தப் பருவத்தோடு சரி. தென்னையோ அறுபது வருஷம் நின்று காய்க்கிறது. மூவருமே கணக்குத் தெரிந்தவர்கள்தாம். தென்னம்பிள்ளையை நட்டுவிட்டுத் தொண்ணூறாம் நாள் கூடையோடு போய் நிற்பவன் ஒருவன் இருந்தால், அவனைப் பற்றித்தான் நாம் கவலைப்பட வேண்டும்.

அத்தகைய ஒருவன் சென்ற தை மாதத்தில் நம் வீட்டுத் திண்ணையிலேயே வந்து உட்கார்ந்தான். நம் சகோதரியின் குமாரன். வயது இருபது, உயரம் 171 சென்டிமீட்டர், எடை 58 கிலோ. கையிலிருந்த செல்போனில் ஒரு மல்லனின் படத்தைக் காட்டினான். வயிற்றில் ஆறு கட்டம், தோளில் இரண்டு தேங்காய்!

"மாமா, வீரபாண்டித் திருவிழாவுக்குள்ள நானும் இப்படி ஆயிடணும். மூணு மாசம் இருக்கு. அதுக்கு ஓர் ஊசி இருக்காம், போட்டா சீக்கிரம் ஏறுமாம்" என்றான்.

வீரபாண்டியில் கௌமாரியம்மனுக்குச் சித்திரையில் நடக்கும் உற்சவம் நம் ஜில்லாவிலேயே பெரிது. அங்கே நாலு பேர் பார்க்க நடக்க வேண்டும் என்ற ஆசையை நாம் குறை சொல்லவில்லை. போலீஸ் உத்தியோகத்திற்கு மனுப் போடவும் அவன் எண்ணியிருந்தான். ஆனால் 'ஊசி' என்ற சொல் காதில் விழுந்ததும் நமக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஆசை பெரிது, காலம் சிறிது. இரண்டுக்கும் நடுவிலே உள்ள பள்ளத்தில்தான் அந்த ஊசி விற்பனையாகிறது.

அனபாலிக் ஸ்டீராய்டு என்னும் மருந்துகள் தசையை வளர்ப்பது மெய்தான். வைத்தியர் வேறு நோய்களுக்காக அளந்து கொடுக்கும் அம்மருந்தை அளவில்லாமல் ஏற்றிக்கொண்டால், சரீரம் தானே சுரக்க வேண்டிய ஆண்மைச் சுரப்பை நிறுத்திவிடுகிறது. சந்தான பாக்கியம் கெடுகிறது. இருதயமும் ஈரலும் சேதமடைகின்றன. திருவிழா எட்டு நாளில் முடிந்துவிடும். இருதயத்தோடு இன்னும் ஐம்பது வருஷம் குடித்தனம் நடத்த வேண்டாமா?

படத்தைப் பார்த்துத் தேகத்தை அளக்கும் வழக்கம் புதிதன்று. ஜெர்மனியில் 1867-இல் பிறந்த யூஜீன் சாண்டோ, பழைய கிரேக்கச் சிலைகளின் அளவுகளைத் தன் தேகத்திற்கு இலக்காக வைத்துக்கொண்டவர். 1901-இல் லண்டன் ராயல் ஆல்பர்ட் மண்டபத்தில் தேகக்கட்டுப் போட்டியொன்றை நடத்திப் பெயர் பெற்றார். பிறகு நம் தேசத்திற்கும் வந்து போனார். அவர் போன பின்னும் பெயர் போகவில்லை. கையில்லாத பனியனுக்கு இன்றும் 'சாண்டோ பனியன்' என்றுதானே கடையில் கேட்கிறோம்? சினிமாப் படங்கள் எடுத்த சின்னப்பா தேவர் பெயருக்கு முன்னாலும் அந்தப் பட்டம் ஒட்டிக்கொண்டது. ஆனால் சிலைக்கு ஒரு சௌகரியம் உண்டு. அது சாப்பிடுவதில்லை, தூங்குவதில்லை, பரீட்சை எழுதுவதில்லை. மனிதன் இவை அனைத்தையும் செய்துகொண்டே வளர வேண்டியிருக்கிறது.

மருமானிடம் ஒரு நோட்டுப் புத்தகத்தைக் கொடுத்து மூன்று பக்கங்களைத் திறக்கச் சொன்னோம். முதற் பக்கத்துக்கு 'மூன்று மாதம்' என்றும், இரண்டாவதற்கு 'ஒரு வருஷம்' என்றும், மூன்றாவதற்கு 'ஐந்து வருஷம்' என்றும் தலைப்பு எழுதினோம்.

மூன்று மாதத்தில் என்ன ஆகும்? வலு ஏறும். முதல் சில வாரங்களில் ஏறும் வலுவுக்குக் காரணம் பெரும்பாலும் தசை பெருத்தது அன்று. தசையை ஏவுவதற்கு நரம்புகள் கற்றுக்கொண்டதே. கண்ணாடியில் வித்தியாசம் தெரிய இரண்டு மூன்று மாதம் வேண்டும். ஆகவே முதற் பக்கத்தில் எடையைப் பற்றி ஒன்றும் எழுதவில்லை. அண்மை ஆண்டுகளின் போலீஸ் தேர்வு அறிவிப்புகளில் 1500 மீட்டரை 7 நிமிஷத்தில் ஓட வேண்டும், மார்பு 81 சென்டிமீட்டர் இருந்து மூச்சை இழுத்தால் 5 சென்டிமீட்டர் விரிய வேண்டும் என்று விதித்திருந்தார்கள். உயரத்தை யாரும் மாற்ற முடியாது; ஓட்டத்தை மாற்றலாம். அதையே முதல் இலக்காக எழுதினோம்.

ஒரு வருஷத்தில் என்ன ஆகும்? புதிதாகத் தொடங்குகிற வாலிபன் நன்றாக உண்டு உறங்கிப் பயிற்சி செய்தால், மாதத்திற்கு அரைக் கிலோ தசை ஏறுவதே நல்ல விளைச்சல் என்று கொள்ளலாம். வருஷம் செல்லச் செல்ல அந்த வேகமும் குறையும். 58 கிலோக்காரன் அடுத்த தைப் பொங்கலுக்கு 62, 63 கிலோ ஆனால் திருப்தி அடைய வேண்டியதுதான். ஐந்தாவது வருஷத்துப் பக்கத்தில் எண் எதுவும் போடாமல், 'அப்போதும் விடாமல் செய்துகொண்டிருப்பது' என்று மட்டும் எழுதச் சொன்னோம். அதைக் கண்டு அவன் முகம் வாடியது. தென்னை வைத்தவனின் இலக்கும் அதுதானே என்றோம்.

இலக்குகளில் இரண்டு ஜாதி உண்டு. 'மார்பு இத்தனை சென்டிமீட்டர் ஆக வேண்டும்' என்பது ஒன்று; அது பாதி நம் கையிலும் பாதி பெற்றோர் கொடுத்த எலும்பின் கையிலும் இருக்கிறது. 'வாரத்தில் மூன்று நாள் பயிற்சிக்குப் போவேன்' என்பது மற்றொன்று. இது முழுவதும் நம் கையில். வாரம் மூன்று நாள் என்றால் வருஷத்திற்கு 156 நாள். காய்ச்சல், கலியாணம், அறுவடை என்று ஆறு நாள் தள்ளிவிட்டு 150 என்று வைத்துக்கொள்ளலாம். பாரத்தையும் அப்படியே படிப்படியாக ஏற்ற வேண்டும். ஒரு பாரத்தைத் தடுமாறாமல் பன்னிரண்டு முறை தூக்க முடிந்தால், அதன்மேல் இரண்டரைக் கிலோ கூட்டலாம். நம் தென் ஜில்லாக்களின் இளவட்டக்கல்லைத் தூக்கியவர்கள் இந்தப் பாடத்தை அறிந்தவர்கள். கல்லை முதலில் முழங்காலுக்கு ஏற்று, பிறகு மார்புக்கு ஏற்று, அப்புறந்தான் தோளுக்கு. நேரே தோளுக்குக் கொண்டுபோக நினைத்தவனின் இடுப்பு அதற்குச் சாட்சி சொல்லும்.

இடையிலே தடங்கல் வந்தால்? வரத்தான் செய்யும். நம் பள்ளத்தாக்கின் உயிர்நாடியான முல்லைப் பெரியாற்று அணையின் வேலை 1887-இல் தொடங்கி 1895-இல் முடிந்தது. நடுவிலே கட்டியதை வெள்ளம் அடித்துக்கொண்டு போனதும் உண்டு, மறுபடியும் கட்டினார்கள். தேகத்திற்கு இன்னும் ஒரு சலுகை இருக்கிறது. ஒரு முறை வளர்ந்த தசை இடையில் இளைத்துப் போனாலும், இரண்டாம் முறை முன்னைக் காட்டிலும் சீக்கிரமாகத் திரும்பி வருகிறது.

ஆகாரத்தைப் பற்றி வீட்டுப் பெண்மணிகள் கவலைப்படுகிறார்கள். டப்பாவில் அடைத்த மாவு வாங்கக் குடும்பம் கடன்பட வேண்டியதில்லை. பாரப் பயிற்சி செய்பவருக்கு உடல் எடையில் கிலோவுக்கு 1.6 கிராம் புரதம் போதும் என்பது இக்காலத்து ஆராய்ச்சியாளர் கண்ட அளவு. நம் மருமானுக்கு அது சுமார் 93 கிராம். முட்டை நான்கில் 24 கிராம், அரை லிட்டர் பாலில் 16, ஒரு கைப்பிடி, அதாவது 50 கிராம், நிலக்கடலையில் 12, அதே எடைக் கொண்டைக்கடலையில் 10, பருப்பில் 11, மூன்று வேளையும் சேர்த்து 300 கிராம் அரிசியில் 20. கூட்டிப் பாருங்கள்: 93! நம் ஊர் மளிகைக் கடையிலும் பால்காரரிடமும் கிடைக்காதது இதில் ஒன்றும் இல்லை. ராத்திரியில் ஏழெட்டு மணி நேரத் தூக்கம் ஒன்றுதான் பாக்கி. அதற்குச் செல்போனைத் தூங்க வைக்க வேண்டும்.

இப்படியெல்லாம் மெதுவாகச் செய்து யாராவது பேர் எடுத்தது உண்டா என்று மருமான் கேட்டான். மனோகர் ஆய்ச்சின் சரித்திரத்தைச் சொன்னோம். வங்காளத்தின் கொமில்லா ஜில்லாவில் 1912-இல் பிறந்தவர். பால்யத்தில் காலா அசார் என்னும் கொடிய காய்ச்சல் கண்டு மெலிந்து, தண்டால் எடுத்துத் தேறியவர். உயரம் 4 அடி 11 அங்குலந்தான். 1942-இல் விமானப் படையில் சேர்ந்தார். பிரிட்டிஷ் அதிகாரி ஒருவரை அறைந்ததற்காகச் சிறை புகுந்தார். மற்றவர்கள் சிறையில் நாளை எண்ணுவார்கள். அவர் கருவி எதுவுமின்றித் தம் தண்டால்களை எண்ணினார். 1951-இல் லண்டனில் நடந்த மிஸ்டர் யுனிவர்ஸ் போட்டியில் தம் பிரிவில் இரண்டாவதாக வந்தார். ஊருக்குத் திரும்பவில்லை, அங்கேயே ரயில்வேயில் வேலை பார்த்துக்கொண்டு பயிற்சி செய்தார். மறு வருஷம், நாற்பதாவது வயதில், உயரம் குறைந்தோர் பிரிவில் பட்டத்தை வென்றார். ஆறடி ஆள் ஆக வேண்டும் என்று அவர் ஆசைப்பட்டிருந்தால் ஆயுள் முழுவதும் அழுதிருக்க வேண்டியதுதான். தமக்குக் கிடைத்த எலும்பை அளவாக வைத்துக்கொண்டார்; 2016-இல் காலமானபோது அவருக்கு வயது 104.

வாலிபர்களுக்கு மட்டும் உரிய விஷயம் இது என்று வீட்டுப் பெரியவர்கள் பத்திரிகையை மடித்துவிட வேண்டாம். முப்பது வயதுக்கு மேல், சும்மா இருப்பவரின் தசை கொஞ்சங் கொஞ்சமாகக் கரைகிறது. வாரத்தில் இரண்டு நாளாவது தசைக்கு வேலை கொடுக்க வேண்டும் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2020-இல் சொல்லியிருப்பது பாட்டிமாருக்கும் சேர்த்துத்தான். அமெரிக்காவில் முதியோர் விடுதியொன்றில் சுமார் தொண்ணூறு வயதான பத்துப் பேரைப் பாரப் பயிற்சியில் சேர்த்த ஆராய்ச்சி 1990-இல் வெளியாயிற்று. எட்டு வாரத்தில் அவர்களுடைய கால் வலு சராசரியாக 174 சதவீதம் கூடியிருந்தது. அவர்களுக்கு ஆறு கட்ட வயிறு வேண்டியிருக்கவில்லை. நாற்காலியிலிருந்து தாமே எழுந்திருக்க வேண்டியிருந்தது. இலக்கு என்றால் அதுவல்லவோ இலக்கு!

நம் மருமான் இதுவரை ஊசியை நாடவில்லை. சித்திரைத் திருவிழாவில் அவன் மேல் யார் கண்ணும் விசேஷமாக விழவுமில்லை. ஆனால் ஓட்டம் ஏழு நிமிஷத்துக்குள் வந்துவிட்டது. நோட்டில் அது தேதியோடு எழுதப்பட்டிருக்கிறது. அடுத்த தைப் பொங்கலுக்கு இன்னும் நாள் இருக்கிறது.

இவனைப் போன்ற பிள்ளைகள் இருக்கும் வீடுகளுக்கு ஒரு விண்ணப்பம். மாலையில் அவன் வியர்வையோடு வாசற்படி ஏறும்போது, "இன்னும் உடம்பு ஏறவே இல்லையே!" என்று கேட்காதீர்கள். அந்தக் கேள்விக்கு அவனிடம் பதில் இல்லை. பதில் இல்லாதவன்தான் ஊசியைத் தேடிப் போகிறான். "இன்றைக்குப் போயிட்டு வந்தாயா?" என்று கேளுங்கள். அதற்கு அவனால் தினமும் பதில் சொல்ல முடியும். பிறகு முட்டையை அவித்து வையுங்கள்.