ஜோஜிலா: இரு முனையிலிருந்து ஒரு பாதை

சோன்மார்க்கைத் தாண்டி பால்டாலுக்கு மேலே ஏறினால் மரங்கள் விடைபெறுகின்றன. ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் அதலபாதாளம். 11,500 அடிக்கு மேலே ஜோஜிலா. 'லா' என்றாலே லடாக்கி மொழியில் கணவாய்தான். ஸ்ரீநகர்-லே நெடுஞ்சாலையில் காஷ்மீரிலிருந்து லடாக்குக்கு வாசல் இது.

குளிர்காலத்தில் வாசல் அடைபடும். பனிச்சரிவு இறங்கிவிட்டால் சாலை எது, மலை எது என்றே தெரியாது. ஒரு காலத்தில் ஆறு மாதம்வரைகூட இந்த நிலை நீடித்தது. லேயில் காய்கறி விலை ஏறும். அவசர நோயாளிக்கு விமானமே கதி.

குளிர்நாடுகளைப்போல உப்பைத் தூவினால் என்ன? அது மெல்லிய பனிக்கட்டிக்கான வைத்தியம். மைனஸ் 10 டிகிரிக்குக் கீழே சாதாரண உப்பின் வீரியம் அடங்கிவிடும். கணவாய்க்கு அப்பால் உள்ள திராஸில் மைனஸ் 20 புதிதல்ல. எனவே புல்டோசர்களும், பனியை அள்ளிப் பள்ளத்தில் வீசும் இயந்திரங்களும்தான் இங்கே வழி.

ஆனால் உப்பு லாரிக்கும் இவற்றுக்கும் கணக்கு ஒன்றே. கிடங்கு தொலைவில் இருந்தால், தீர்ந்த லாரி உப்பு நிரப்பிக்கொள்ளத் திரும்பி ஓடுவதிலேயே பாதி நேரம் போய்விடும். ஜோஜிலாவில் இது இன்னும் கறார். இயந்திரங்கள் எல்லாம் ஒரே பக்கம் நின்றால் வேலை ஒரு முனையிலிருந்துதான் நகரும். பின்னால் ஒரு பனிச்சரிவு விழுந்தால் இயந்திரம் ஓரிடம், டீசல் வேறிடம்.

அதனால்தான் எல்லைச் சாலைகள் நிறுவனம் வேலையைப் பங்கிட்டிருக்கிறது. சோன்மார்க் பக்கமிருந்து 'பீக்கன்' பிரிவு, திராஸ் பக்கமிருந்து 'விஜயக்' பிரிவு. இரண்டும் பனியைக் குடைந்து வந்து மேலே சந்திக்கின்றன. டீசலும் உதிரிபாகங்களும் உணவும் பனிக்கு முன்பே இருபுறமும் சேர்ந்தாக வேண்டும். அடைபட்ட பிறகு யோசிப்பதில் பயனில்லை.

பலன் தெரிகிறது. 2022-ல் பாதை 73 நாட்கள் மூடிக்கிடந்தது. 2023-ல் 68. 2024-ல் 35. 2025-ல் 32 நாட்களில், ஏப்ரல் 1 அன்று, திறந்துவிட்டது.

கணவாய்க்கு அடியில் சுமார் 13 கி.மீ. சுரங்கப்பாதை குடையும் பணி 2020 அக்டோபரில் தொடங்கியது. சுரங்கத்துக்குள் பனி விழாது. ஆனால் அதன் இரு வாயில்களுக்கும் போகும் சாலைகளில் விழும். அங்கே இயந்திரத்தை எங்கே நிறுத்துவது என்ற கணக்கை அப்போதும் யாராவது போட்டாக வேண்டும், முதல் பனி விழுமுன்.