கடிவாளத்தின் இரு பொருள்

பந்தயத்திடலை நாம் அறிந்திருப்பது அதன் முன்புறத்தினாலேயாம். பார்வையாளர் மேடை, வண்ணச் சட்டை அணிந்த ஜொக்கிகள், ஓரிரு நிமிடங்களில் முடிந்துவிடும் ஓட்டம், வென்றோரின் ஆரவாரம், தோற்றோர் கிழித்தெறியும் சீட்டு ஆகியன அம்முன்புறத்தின் காட்சிகள். அதற்கொரு பின்புறமும் உண்டு. அங்கு நாள் விடியுமுன்னரே வேலை தொடங்கி விடுகிறது. அதனைக் காண எவரும் சீட்டு வாங்குவதில்லை. முப்பது ஆண்டுகளாகக் குதிரையேற்றம் கற்பித்து வந்த பயிற்றுநர் ஒருவர், தமது ஐம்பத்தைந்தாவது வயதிலேதான் முதன்முறையாக அப்பின்புறத்தினுட் கால் வைத்தார். அதுவரை அவர் செல்லாதிருந்தமைக்கும் அன்று சென்றமைக்கும் காரணங்கள் உண்டு.

அவர் பிறந்தது நுவரெலியாவை அடுத்த தேயிலைத் தோட்டமொன்றின் லயத்திலே. அவருடைய பாட்டனார் தோட்டத்துத் துரையின் குதிரைக்காரர். லயத்திற்கும் லாயத்திற்கும் இடையில் உள்ள வேறுபாடு ஒரு காலெழுத்தே. பாட்டனாரின் வாழ்நாள் முழுவதும் அவ்விரண்டுக்கும் இடையிற் கழிந்தது. துரை ஏறிச் செல்லும் குதிரையோடு அவர் மலைப்பாதை நெடுகிலும் ஓடியிருக்கிறார். ஒரு நாளேனும் அதன்மீது ஏறியதில்லை. பேரனோ கொழும்புக்குச் சென்று, குதிரையேற்றப் பயிற்சிக்கூடம் ஒன்றில் உதவியாளாகச் சேர்ந்து, பயிற்றுநராக உயர்ந்தார். செல்வர்தம் பிள்ளைகள் அவரைச் "சேர்" என்று அழைத்தனர். முதுகை நிமிர்த்துக, குதிகாலைத் தாழ்த்துக, காலைக் குதிரையின் விலாவோடு அணைத்து வைத்துக்கொள்க என்பன அவர் கற்பித்த பாலபாடங்கள். காலின் அழுத்தம் 'செல்' என்பதாகும். கடிவாளத்தின் இழுப்பு 'நில்' என்பதாகும். இவ்விரு சொற்களே குதிரைக்கும் மனிதனுக்கும் இடையிலான மொழியின் உயிரெழுத்துக்கள் என்று அவர் கூறுவதுண்டு.

பந்தயத்தை அவர் வெறுத்தார். அது சூதாட்டம் என்பதும், ஜொக்கிகள் மரக்கிளையிலே குரங்கு குந்தியிருப்பது போலக் குதிரைமேற் குந்துகின்றனர் என்பதும் அவர் வெளியிற் கூறிய காரணங்கள். தாம் ஏறிவந்த படிகளின் அடியிலே பாட்டனார் வாளியோடு நின்றுகொண்டிருந்தார் என்பது அவர் கூறாத காரணம். கொழும்பு கறுவாத்தோட்டத்துப் பந்தயத்திடல் 1956 இல் மூடப்பட்டபின், இந்நாட்டில் நினைவுக்கு வரும் பந்தயத்திடல் 1875 இல் தொடங்கப்பட்ட நுவரெலியாத் திடலே. சித்திரைப் புத்தாண்டை ஒட்டிவரும் அதன் ஏப்ரில் பந்தயங்களைச் சிறுவயதில் வேலிக்கு வெளியே நின்று பார்த்ததோடு சரி. லாயங்களின் பக்கம் அவர் போனதில்லை.

அவரை அங்கு போகச் செய்தது ஒரு குதிரை. பந்தயத்திலிருந்து ஓய்வு பெற்ற எட்டு வயதுச் செம்பழுப்புக் குதிரை அது. பயிற்சிக்கூடத்தின் உரிமையாளர் அதனை மலிவாக வாங்கியிருந்தார். தோற்றத்திலோ அரசகுமாரனை ஒத்திருந்தது. ஆனால் வந்த வாரத்திலேயே அதன் மூன்று குற்றங்கள் பயிற்றுநரின் குறிப்பேட்டில் இடம்பெற்றுவிட்டன. ஏறுவதற்காக ஒருவர் அங்கவடியிற் கால் வைத்தால் அது நில்லாமல் நடக்கத் தொடங்கும். விலாவிலே கால் பட்டால் அதிர்ந்து துள்ளும். மூன்றாவது குற்றமே கொடிது: கடிவாளத்தை இழுக்க இழுக்க விரைவு கூடும். திருவாதவூரர் கதையிலே பகலில் மன்னன் முன்னிலையிற் பரிகளாய் நின்றவை இரவில் நரிகளாயின. அக்கதையைச் சொல்லி உரிமையாளரைப் பயிற்றுநர் கேலி செய்தார். "நீங்கள் பரியென்று வாங்கி வந்தது நரி" என்றார்.

கேலி நீடிக்கவில்லை. ஒரு பிற்பகல், பதினாறு வயது மாணவி ஒருத்தி அக்குதிரையில் இருந்தபோது அது திடீரென ஓடத் தொடங்கிற்று. "இழு! கடிவாளத்தை இழு!" என்று பயிற்றுநர் கத்தினார். அவள் தன் முழு வலிமையையும் கொண்டு இழுத்தாள். திடலின் மூலையில் அவள் விழுந்தபோது மணிக்கட்டு முறிந்தது. மறுநாள் முதல் அக்குதிரையின் வாயில் வலிய வேறொரு கடிவாள இரும்பு பூட்டப்பட்டது. அவரே தம் கையாற் பூட்டினார். சில நாள்களில் அதன் வாயோரம் புண்ணாயிற்று, ஓட்டமோ குறையவில்லை. மாத முடிவில் அதனை விற்றுவிடுவதென உரிமையாளர் தீர்மானித்தார். பந்தயத்திற்கும் உதவாமற் பயிற்சிக்கும் உதவாமற் போன குதிரையை யார் வாங்குவர், எதற்காக வாங்குவர் என்பதை இருவரும் பேசிக்கொள்ளவில்லை.

அந்நாள்களிலேதான் தோட்டத்து மாரியம்மன் திருவிழாவுக்கென அவர் ஊர் சென்றார். தேநீர்க்கடையில் எதிர்ப்பட்ட முதியவர் ஒருவர் பந்தய லாயத்திலே நெடுங்காலம் குதிரைக்காரராக இருப்பவர். பேச்சுவாக்கில் அக்குதிரையை வளர்த்தவரும் அவரே என்பது தெரிய வந்தது. பயிற்றுநர் மூன்று குற்றங்களையும் அடுக்கினார். முதியவர் மறுத்துப் பேசவில்லை. "வெள்ளன வந்து பாருங்க தம்பி. சொன்னா வெளங்காது" என்று மட்டும் கூறினார்.

மறுநாள் அதிகாலை ஐந்து மணிக்குப் பயிற்றுநர் லாயத்தின் வாயிலில் நின்றார். கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய ஆறாயிரம் அடி உயரத்திலுள்ள அவ்வூரின் குளிர் எலும்பைத் தொட்டது. கிரகரி வாவிப் பக்கமிருந்து வந்த மூடுபனியில் விளக்குகள் மங்கிக் கிடந்தன. ஈர வைக்கோலும் குதிரை மூத்திரமும் தைலமும் கலந்த மணம் அவருக்குப் பாட்டனாரின் கம்பளியை நினைவூட்டிற்று. முதியவர் முதலில் தீனித் தொட்டியைப் பார்த்தார். இரவு வைத்த தீனியில் மிச்சம் உண்டா என்பதே அன்றைய முதற் செய்தி. உண்ணாத குதிரை ஏதோவொரு நோவைச் சொல்கிறது. அடுத்து, இருளிலே குனிந்து, ஒவ்வொரு காலையும் முழங்காலின் கீழிருந்து குளம்பு வரை உள்ளங்கையால் தடவினார். நரம்பில் எங்கேனும் சூடு தெரிகிறதா என்று தேடும் கை அது. பந்தயக் குதிரை ஐந்நூறு கிலோ வரை நிறையுடையது. முழுப் பாய்ச்சலின்போது ஒற்றைக் கால் மட்டும் நிலத்தில் ஊன்றும் கணங்கள் உண்டு. அக்கணத்தில் அந்நிறையின் இரு மடங்கிற்கும் மேலான விசை அவ்வொரு காலின்மீது இறங்குகிறது. முன்னாள் ஏற்பட்ட சிறு காயம் மறுநாட் காலையிலே சூடாக வெளிப்படும். அதனைக் காணத் தவறின், அடுத்த பாய்ச்சலில் எலும்பு முறியலாம். முப்பதாண்டு அநுபவமுடைய பயிற்றுநர் தாமும் குனிந்து அக்காலைத் தொட்டுப் பார்த்தார். அவருடைய கைக்கு ஒன்றும் தெரியவில்லை. முதியவரோ, "இதுல கொஞ்சம் சூடு இருக்கு. இன்னைக்கு இவன் ஓட வேணாம்" என்று சொல்லி அடுத்த குதிரையிடம் சென்றுவிட்டார்.

பின்னர் குதிரைகள் வெளியே கொண்டுவரப்பட்டன. முதியவர் ஒரு குதிரையை நடத்திக்கொண்டே வர, ஓட்டுபவர் அதனருகே நடந்து இடக்காலை மடக்கிக் கொடுத்தார். உதவியாள் ஒருவர் அதனைப் பற்றித் தூக்கிவிட, நடை நிற்குமுன்னரே அவர் சேணத்தில் இருந்தார். பயிற்றுநர் திரும்பி அடுத்த குதிரையைப் பார்த்தார். அதிலும் அவ்வாறே ஏறினர். மூன்றாவதிலும் அவ்வாறே. குறிப்பேட்டிலிருந்த முதற் குற்றம் அவ்விடத்தே அழிந்தது. அக்குதிரை நிற்க மறுக்கவில்லை. ஏறும்போது நிற்க வேண்டுமென்று அதன் வாழ்நாளில் எவரும் அதற்குச் சொல்லியிருக்கவில்லை.

ஓட்டுபவர்களின் அங்கவடிகள் மிகக் குறுகியவை. முழங்கால்கள் குதிரையின் தோளுக்கு மேலே மடிந்திருந்தன; கெண்டைக்கால் விலாவைத் தொடவேயில்லை. குரங்கிருக்கை என்று அவர் இகழ்ந்த அதே இருக்கை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலே ரொட் ஸ்லோன் என்னும் அமெரிக்க ஜொக்கி இங்கிலாந்தில் இவ்வாறு ஓட்டியபோது அங்குள்ளோரும் முதலில் நகைத்தனர். பின்னர் அவர் வென்று காட்டவே தாமும் கைக்கொண்டனர். 1900 ஆம் ஆண்டை ஒட்டிய காலத்திற் பந்தய நேரங்கள் 5 முதல் 7 வீதம் வரை குறைந்தன. அதன் காரணத்தை 2009 இல் சயன்ஸ் ஆய்விதழில் வெளியான கட்டுரையொன்று விளக்கிற்று. நிமிர்ந்து அமர்ந்தவனைக் குதிரை சுமப்பதோடன்றி, ஒவ்வொரு பாய்ச்சலிலும் முன்னே தள்ளியும் பின்னே தாங்கியும் அசைக்க வேண்டியிருக்கிறது. கால்களை வில்லாக்கிச் சேணத்திற்கு மேலே நிற்பவனோ அவ்வசைவுகளைத் தன் தசைகளிலே ஏற்றுக்கொள்கிறான். குதிரை அவன் நிறையை மட்டும் சுமந்தாற் போதும். குரங்கைப் போன்று குந்தியிருப்பவன் தன் உழைப்பாற் குதிரையின் உழைப்பைக் குறைப்பவன் என்பதைப் பயிற்றுநர் அன்று கண்ணெதிரே கண்டார். விலாவிலே மனிதக் கால் அணைவதை அறியாது வளர்ந்த உயிர், அது பட்டவுடன் அதிர்ந்ததில் வியப்பில்லை. இரண்டாம் குற்றமும் நீங்கிற்று.

மூன்றாவதற்காக அவர் ஓட்டப்பாதையின் வேலியருகே சென்று நின்றார். பனியிலே எதுவும் தெரியவில்லை. முதலிற் கேட்டது மூச்சு. பாயும் குதிரை ஒவ்வொரு பாய்ச்சலுக்கும் ஒரு மூச்சு என்ற கணக்கிலேதான் சுவாசிக்க இயலும். ஆதலால் அவ்வொலி கொல்லன் துருத்தியைப் போல ஒரே சீராக நெருங்கி வந்தது. பின்னர் இரு குதிரைகள் தோள் தோளாகப் பனியைக் கிழித்து வெளிவந்தன. ஓட்டுபவர்கள் கடிவாள வார்களைக் குறுக்காக மடித்துப் பிடித்து, அப்பிடியைக் குதிரையின் கழுத்தில் அழுத்தி ஊன்றியிருந்தனர். குதிரைகள் அவ்விறுக்கத்தின்மீது தம் பாரத்தைச் சாய்த்து, அதனையே பிடிமானமாகக் கொண்டு பாய்ந்தன. பிடி இறுகியபோது பாய்ச்சலும் வலுத்தது. குறித்த தூரம் முடிந்ததும் ஓட்டுபவர்கள் அங்கவடியில் எழுந்து நின்று வார்களைத் தளர்த்தினர். குதிரைகள் தாமாகவே விரைவைக் குறைத்து, நடையாகி, வாய் நுரைக்க நின்றன.

வேலியைப் பிடித்தபடி பயிற்றுநர் நெடுநேரம் நின்றார். அங்கே இறுக்கம் 'செல்' என்பது. தளர்ச்சி 'நில்' என்பது. "இழு! இழு!" என்று தாம் அன்று கத்தியது அவருக்கு மீண்டும் கேட்டது. அப்பெண் இழுத்தாள், குதிரை ஓடியது. அவள் மேலும் இழுத்தாள். அது மேலும் ஓடியது. அது கீழ்ப்படியாமையினால் ஓடவில்லை. முற்றாகக் கீழ்ப்படிந்ததனாலேயே ஓடியது. அதற்கெதிராக அவர் பூட்டிய வலிய இரும்பு, கற்ற பாடத்தை ஒப்புவித்தமைக்காக விதிக்கப்பட்ட தண்டனை.

லாயங்களின் பின்புறம் குற்றமற்ற உலகமன்று. எலும்பு முதிருமுன்னரே, இரண்டு வயதிலே ஓடத் தொடங்கும் குதிரைகளை உலகின் பந்தயத்திடல்கள் பலவற்றிற் காணலாம். பந்தயப் பட்டியலிலே உரிமையாளர், பயிற்றுநர், ஜொக்கி என அச்சிடுவர். இரவிலே குதிரையின் அருகிற் படுத்துறங்குபவரின் பெயரை எவரும் அச்சிடுவதில்லை. இவற்றையும் அவர் அன்று கண்டார். எனினும் விடைபெறும்போது முதியவர் கேட்ட கேள்வியே அவரோடு வந்தது.

"அவனுக்கு வாயோரம் மெல்லிசுத் தோல், தம்பி. சீக்கிரம் கிழிஞ்சிரும். கவனமாப் பாத்துக்கிறீங்கதானே?"

பயிற்றுநர் "ஓம் அண்ணே" என்றார். அப்பொய்யின் பாரம் கொழும்பு வரை இறங்கவில்லை.

திரும்பி வந்த அன்றே அவ்விரும்பைக் கழற்றினார். விற்பனையை ஆறு மாதம் தள்ளிவைக்குமாறும், அதுவரைக்குமான தீனிச் செலவைத் தம் சம்பளத்திற் கழிக்குமாறும் உரிமையாளரிடம் கேட்டுக்கொண்டார். ஏறும்போது நிற்பதற்கு அக்குதிரை இரண்டே வாரத்திற் கற்றுக்கொண்டது. விலாவிற் படும் கால் பகையன்று என்று அறிய இரண்டு மாதம் சென்றது. கடிவாளத்திற்கு ஐந்து மாதம் போதவில்லை. பழைய பொருளை மறந்தாலன்றிப் புதிய பொருள் ஏறாது, மறப்பதோ கற்பதினும் கடிது. இன்றும் திடீர் ஓசை கேட்டால் அது இறுக்கத்தைத் தேடிச் சாய்கிறது. அப்போது அவர் கையைத் தளர்த்துகிறார். அதனிடமிருந்து அவர் கற்றுக்கொண்ட சொல் அது.

எந்த வகுப்பறையிலும் இக்குதிரையைக் காணலாம். பிறிதோரிடத்திலே பிறிதொரு முறையிற் பழகி வந்தவனை முதல் வாரத்திலேயே மந்தன் என்றோ முரடன் என்றோ குறித்துவிட்டு, அக்குறிப்பின்படி இரும்பை மாற்றிக்கொண்டே செல்லும் ஆசிரியர் எல்லாத் துறைகளிலும் உளர். எங்கே என்ன கற்றாய் என்று கேட்பதற்கு அதிக நேரம் வேண்டியதில்லை. ஆயினும் அதனைக் கேட்கவேண்டுமென்று தோன்றுதற்கு இவருக்கு முப்பது ஆண்டுகளும் ஒரு பிள்ளையின் மணிக்கட்டும் வேண்டியிருந்தன.

அப்பிள்ளை மீண்டும் பயிற்சிக்கு வரவில்லை. பயிற்றுநர் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளுடைய வீட்டுக்குச் சென்று, தவறு அவளுடையதன்று, குதிரையுடையதுமன்று, தாம் கொடுத்த கட்டளையே பிழை என்று நடந்ததை விளக்கினார். அவள் சற்று நேரம் தன் மணிக்கட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்படியெண்டா அது நான் சொன்னதைத்தான் கேட்டதா, சேர்?"

"ஓம் பிள்ளை" என்றார் அவர்.