இயலாது என்று சொன்ன தம்பி



மென்பொருள் ஆலோசகர்களாகப் பணிபுரியும் வாலிபர்கள் நம் சபைகளில் பலர் உண்டு. வாடிக்கையாளரோடு நல்லுறவு காப்பது எப்படி என்று அவர்கள் என்னிடம் கேட்பதுண்டு. அந்தத் தொழிலை நான் அறியேன். ஆனால் ஒருமுறை வாடிக்கையாளனாக இருந்திருக்கிறேன். நல்ல வாடிக்கையாளனாக இருக்கவில்லை. அதை இந்த வாரம் அறிக்கையிடுகிறேன்.

முன்பு நான் ஊழியம் செய்த சேகரத்தில், குடும்பப் பதிவேட்டையும் ஞானஸ்நானப் பதிவேட்டையும் சங்கக் காணிக்கைக் கணக்கையும் கணினியில் ஏற்றத் தீர்மானித்தோம். முதலில் வந்தவர் நாங்கள் கேட்ட அனைத்துக்கும் "ஆகட்டும் ஐயா" என்றார். முன்பணம் பெற்றார். ஆறு மாதம் சென்றபின் தொலைபேசியை எடுப்பதையே நிறுத்திவிட்டார்.

இரண்டாவதாக வந்த தம்பி உடனே விலை சொல்லவில்லை. இரண்டு நாள் எங்கள் கணக்காளர் அருகில் அமர்ந்து, அவர் ரசீது எழுதுவதையும் பேரேட்டில் ஏற்றுவதையும் கவனித்தார். பழைய பட்டியல்கள் பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்யப்பட்டிருந்தன. திரையில் தமிழாகத் தெரிந்தாலும் கணினிக்குள் அவை ஆங்கிலக் குறிகளே என்றும், யூனிகோடுக்கு மாற்றினாலன்றிப் பெயர்களைச் சரிவரத் தேட இயலாது என்றும், மாற்றியபின் ஒவ்வொரு பெயரையும் நாங்களே சரிபார்க்க வேண்டும் என்றும் பொறுமையாய் விளக்கினார். பின்பு ஒரே தாளில் எழுதித் தந்தார்: செய்பவை இவை, செய்யாதவை இவை, இத்தனை வாரம், இவ்வளவு ரூபாய். சனிக்கிழமைதோறும் அதுவரை முடிந்ததை எங்களுக்குக் காட்டினார்.

வேலை பாதியில் இருக்கையில், ஞாயிறு பள்ளி வருகை, கல்லறைத் தோட்டப் பதிவு, அசனக் கணக்கு என்று ஒவ்வொன்றாகச் சேர்க்கச் சொன்னேன். அவர் தயங்கி, "செய்யலாம் ஐயா. ஆனால் இன்னும் ஐந்து வாரமாகும். பேசிய தொகைக்குள் இயலாது" என்றார்.

"தம்பி, இது ஆண்டவருடைய வேலையல்லவா?" என்றேன். அவர் தலைகுனிந்து மௌனமாயிருந்தார்.

அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. வேலையாட்களின் கூலியைப் பிடித்து வைப்போரைக் குறித்து யாக்கோபின் நிருபத்திலிருந்து எத்தனையோ முறை பிரசங்கித்திருக்கிறேன். ஆண்டவரின் நாமத்தைச் சொல்லி, ஓர் உழைப்பாளியின் ஐந்து வாரத்தை இலவசமாகக் கேட்டவன் நானே. விடிந்ததும் அவரை அழைத்து மன்னிப்புக் கேட்டேன். ஞாயிறு பள்ளிப் பதிவை மட்டும் சேர்க்கச் சொல்லி, அதற்குரிய தொகைக்குக் கமிட்டியில் ஒப்புதல் பெற்றேன்.

சில வாரங்களுக்குப்பின் அவரே வந்து நின்றார். "ஐயா, ஒரே பெயருள்ள இரண்டு குடும்பங்களின் காணிக்கையை ஒரே கணக்கில் சேர்த்துவிட்டேன். தவறு என்னுடையது. திருத்தியவற்றின் பட்டியல் இது" என்றார். எங்களில் ஒருவரும் அதைக் கவனித்திருக்கவில்லை. கமிட்டியார் அவரை முழுமையாய் நம்பியது அன்றைக்குத்தான். அவர் தவறே செய்யாதவர் என்பதனால் அல்ல, மறைக்காதவர் என்பதனால்.

முடிவில் கடவுச்சொற்களையும் தரவுகளின் நகலையும் செய்முறைக் குறிப்பையும் கணக்காளரிடம் ஒப்படைத்து, "நான் இல்லாவிட்டாலும் இது நடக்க வேண்டும்" என்றார். தம்மை விட்டால் எங்களுக்கு வழியில்லை என்ற நிலையில் அவர் எங்களை வைக்கவில்லை. ஆகையால்தான் அடுத்த வேலைக்கும் அவரையே தேடினோம்.

பிரியமானவர்களே, கோபுரம் கட்ட நினைப்பவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்கிட வேண்டும் என்று இயேசு போதித்ததை லூக்கா 14ஆம் அதிகாரத்தில் காண்கிறோம். கட்டித் தருபவனுக்கும் அது பொருந்தும். முதலில் வந்தவர் அன்றைக்கு எங்களை மகிழ்வித்தார். இரண்டாமவரோ எங்களுக்குப் பயன்பட நினைத்தார். வாலிபரே, தொடக்கத்தில் சொல்லும் உண்மையான "இயலாது", பின்னால் பொய்யாகிப்போகும் "ஆகட்டும்" என்பதைவிட உறவைக் காக்கும். வேலை கொடுக்கிறவர்களே, அந்தச் சொல்லை அச்சமின்றிச் சொல்ல அவர்களுக்கு இடங்கொடுங்கள். நான் கொடுக்கத் தவறினேன்.

ஜெபம்: ஆண்டவரே, எங்கள் வாக்கை உண்மையுள்ளதாக்கும். பிறருடைய உழைப்பை மதிக்கும் இருதயத்தை எங்களுக்குத் தாரும். ஆமென்.