ஏட்டுக்கு இருபது சூத்திரம்

பவர்பாயின்ட்டைத் திறந்ததும் அது முதலில் கேட்பது தலைப்பை. வெள்ளைப் பரப்பின் நடுவில் ஒரு பெட்டி, அதன் கீழே சின்னதாக இன்னொரு பெட்டி. இங்கே கிளிக் செய்து தலைப்பைக் கொடு, அங்கே கிளிக் செய்து துணைத் தலைப்பைக் கொடு என்கிறது. என்ன பேசப்போகிறேன் என்று எனக்கே இன்னும் தெரியாது. பிரசவ வார்டு வாசலில் நின்றுகொண்டு பிள்ளை பிறப்பதற்கு முன்பே பெயர் கேட்கும் குமாஸ்தா மாதிரி இருக்கிறது இது. தமிழ் வாத்தியாராக இருந்த காலமெல்லாம், "முதல்ல கட்டுரையை எழுது, தலைப்பு தானா வந்து உட்காரும்" என்று பையன்களிடம் சொல்லிக்கொண்டிருந்தவன் நான். இந்த வயதில் ஒரு கம்ப்யூட்டரிடம் போய் என் கொள்கையை விட்டுக்கொடுப்பதா?

குன்னூர்ப் பக்கத்துப் பள்ளி ஒன்றில் எங்கள் ஊரான கேத்தியின் பழைய கதையைப் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். ஸ்லைடு இருந்தால்தான் பசங்க உட்காருவாங்க என்று ஒரு நிபந்தனையும் கூடவே வந்தது. எனக்குச் சொல்லிக்கொடுக்க வந்தவள் பக்கத்து வீட்டுப் பெண். எஞ்சினியரிங் கடைசி வருஷம் படிக்கிறாள். வீட்டில் படுக மொழி, என்னிடம் 'ங்க' போட்ட தமிழ். "கன்ட்ரோலும் எம்மும் அடிச்சா புது ஸ்லைடுங்க சார். எஃப் ஃபைவ் அடிச்சா ஷோ ஆரம்பிச்சிரும். அவ்வளவுதாங்க" என்றாள். அவ்வளவுதான் என்று இவள் சொன்ன பிறகு மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தோம்.

இந்த மென்பொருளைச் செய்தவர்கள் யார் என்று தேடிப் பார்த்ததில் ஒரு சந்தோஷம் கிடைத்தது. இதை நினைத்துப் பார்த்த ராபர்ட் காஸ்கின்ஸ், பெர்க்லியில் ஆங்கில இலக்கியமும் மொழியியலும் படித்துவிட்டுக் கம்ப்யூட்டர் பக்கம் வந்தவர். நம் ஜாதிதான்! புரோகிராம் எழுதியதில் பெரும் பங்கு டென்னிஸ் ஆஸ்டினுடையது. ஃபோர்தாட் என்ற சின்னக் கம்பெனி, 1987 ஏப்ரலில், மெக்கின்டாஷ் கம்ப்யூட்டருக்காக மட்டும் வெளியிட்டது. அடுத்த சில மாதங்களிலேயே 1 கோடியே 40 லட்சம் டாலர் கொடுத்து மைக்ரோசாஃப்ட் வாங்கிக்கொண்டது. முதல் பதிப்பில் கலரும் கிடையாது, சுவரில் நேரே காட்டவும் முடியாது. பக்கங்களைக் கறுப்பு வெள்ளையில் அச்சடித்து, கண்ணாடித் தாளில் ஏற்றி, ஓ.எச்.பி.யில் வைத்துக் காட்ட வேண்டும். அந்த ஓ.எச்.பி.யை எங்கள் தலைமுறை வாத்தியார்கள் மறக்க முடியாது. பயிற்சி முகாமில் ஷீட்டைத் தலைகீழாக வைக்காத அதிகாரியை நான் பார்த்ததில்லை. காஸ்கின்ஸ் பிற்பாடு கான்சர்டினா என்ற சின்னத் துருத்தி வாத்தியத்தில் ஈடுபட்டு, அதன் சரித்திரத்துக்கென்றே ஓர் இணையதளம் நடத்தினார். உலகத்து மீட்டிங்குகளுக்கெல்லாம் அவர் செய்ததற்கு அது பிராயச்சித்தமாக இருக்கலாம்.

ஸ்லைடு என்றால் எனக்கு ஞாபகம் வருவது சினிமா கொட்டகைதான். நியூஸ் ரீலுக்கு முன்னால் ஜவுளிக்கடை, நகைக்கடை, பல்பொடி என்று கலர் கண்ணாடிச் சில்லுகள் வரிசையாக வரும். அவற்றை யாரும் கவனிக்க மாட்டார்கள். கொட்டகை முழுக்க நிமிர்ந்து பார்ப்பது வேறொன்றை. படம் ஓடிக்கொண்டிருக்கும்போது, நடிகையின் முகத்தின் மேலேயே, கோணல்மாணலாக ஒரு வரி வந்து விழும்: இன்னார் உடனே வெளியே வரவும். கண்ணாடித் துண்டில் மையைப் பூசி, காய்ந்ததும் ஊசியால் கீறி எழுதி ஆபரேட்டர் செருகுவது அது. யாரோ ஒருவர் இருட்டில் கால்களை மிதித்துக்கொண்டு ஓடுவார். மனைவிக்கு வலி கண்டிருக்கும். அல்லது கடைச் சாவி அவரிடம் இருந்திருக்கும். ஒரே ஸ்லைடு, ஒரே வரி, ஒரே ஆள். அதைவிடப் பயனுள்ள ஒரு ஸ்லைடை நான் இன்றுவரை பார்க்கவில்லை. அந்த ஊசி எங்கள் ஊர் ஊசியாகவே இருந்திருக்கக்கூடும். 1949-லிருந்து கேத்தியில் ஊசித் தொழிற்சாலை இருக்கிறது; போனி ஊசி இங்கிருந்துதான் போகிறது. ஊட்டிக்கு அந்தப் பக்கம் இந்து நகரில் ஹிந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் இருந்தது. 1960-ல் ஏற்பட்ட கம்பெனி, 1967-ல் உற்பத்தி. தூசி இல்லாத காற்றும் குளிரும் பிலிமுக்கு உகந்தது என்று இந்த மலைக்குக் கொண்டுவந்தார்கள். இந்து என்ற பெயரில் எக்ஸ்ரே பிலிமும் சினிமா பிலிமும் போட்டோத் தாளும் இங்கிருந்து நாடு முழுக்கப் போயின. எழுத ஊசி இந்தப் பக்கம், படம் காட்டப் பிலிம் அந்தப் பக்கம். பிலிம் கம்பெனி மூடியாகிவிட்டது. ஊசி நிற்கிறது.

சரி, என் ஸ்லைடுக்கு வருகிறேன். அரசாங்கம் கேத்தியில் பரிசோதனைப் பண்ணை போட்டதையும், அதைக் கைவிட்டதையும், பிறகு கசமேஜர் என்ற ஓய்வுபெற்ற கம்பெனி அதிகாரி இங்கே வந்து குடியேறியதையும், 1846-ல் பாசல் மிஷன் பாதிரிமார்களை அவர் வரவழைத்ததையும், 1849-ல் இறக்கும்போது சொத்தை மிஷனுக்கு எழுதிவைத்ததையும் ஒரே பெட்டிக்குள் எழுதினேன். எழுத எழுத எழுத்து சிறுத்துக்கொண்டே போயிற்று. 28-ல் தொடங்கியது, நான் கவனிக்கும்போது 20-ல் நின்றது. நான் ஒன்றும் செய்யவில்லை. பெட்டிக்குள் அடங்கட்டும் என்று அதுவே குறைத்துக்கொள்கிறது. தமிழுக்கு இது இன்னும் சீக்கிரம் நடக்கும். "எழுதிவைத்துவிட்டுப்போனார்" என்று ஒரு சொல்லைப் போட்டாலே பாதி வரி காலி.

"சார், ஒரு ஸ்லைடுக்கு ஆறு வரி, ஒரு வரிக்கு ஆறு வார்த்தை. அதுக்கு மேல போட்டா யாரும் படிக்க மாட்டாங்க" என்றாள்.

"அப்ப கசமேஜர் கதி என்ன கண்ணு?"

"அவரைப் பிரிச்சு மூணு ஸ்லைடாப் போடுங்க சார்."

எழுத்து தானாகச் சிறுத்துப்போவது சிரிக்கிற விஷயம் மட்டுமில்லை. 2003 ஜனவரியில் கொலம்பியா விண்கலம் கிளம்பும்போது, எரிபொருள் தொட்டியிலிருந்து ஒரு நுரைத் துண்டு பிய்ந்து இடது இறக்கையில் அடித்தது. கல்பனா சாவ்லாவும் ஆறு பேரும் மேலே சுற்றிக்கொண்டிருக்கையில், கீழே எஞ்சினியர்கள் நாசா அதிகாரிகளுக்கு ஸ்லைடு போட்டு விளக்கினார்கள். அதில் ஒரு ஸ்லைடை எட்வர்ட் டஃப்டி என்ற பேராசிரியர் பிற்பாடு வரிவரியாகப் பிரித்துக் காட்டினார். தலைப்பு ஆறுதலாக இருக்கிறது. அதற்குக் கீழே ஒரு புள்ளி, அதற்குள் கோடு, அதற்குள் இன்னொரு சின்னப் புள்ளி என்று இறங்கிக்கொண்டே போய், கடைசி வரியில், பொடி எழுத்தில் இருக்கிறது உண்மை: சோதனை செய்து பார்த்த துண்டு 3 கன அங்குலம், அடித்த துண்டு 1,920 கன அங்குலம். 640 மடங்கு. பிப்ரவரி 1-ஆம் தேதி திரும்பி வரும்போது கலம் சிதறியது. விசாரணைக் குழுவே தன் அறிக்கையில் இந்த ஸ்லைடுப் பழக்கத்தைக் குறை சொல்லியிருக்கிறது. ஸ்லைடு கொன்றது என்று நான் சொல்ல மாட்டேன். இறக்கையில் ஓட்டை போட்டது நுரைதான். ஆனால் 640 மடங்கு என்பதை ஒரு மனுஷன் எழுந்து நின்று வாயால் சொல்லியிருந்தால், அது பொடி எழுத்தில் வந்திருக்காது.

இந்த இடத்தில்தான் எனக்கு இறையனார் களவியல் என்ற இலக்கண நூல் பிறந்த கதை ஞாபகத்தில் வந்து நின்றது. அந்தப் பெண்ணுக்குக் கதையைச் சொன்னேன். பாண்டிய நாட்டில் 12 வருஷப் பஞ்சம். அரசன் புலவர்களை அழைத்து, எங்கேயாவது போய்ப் பிழைத்து மழை பெய்ததும் வாருங்கள் என்று அனுப்பிவிடுகிறான். மழை பெய்கிறது, திரும்ப ஆள் அனுப்புகிறான். எழுத்துக்கும் சொல்லுக்கும் யாப்புக்கும் ஆள் வந்துவிட்டது. பொருள் இலக்கணம் தெரிந்தவர் ஒருவர்கூட அகப்படவில்லை. பொருளே இல்லாமல் மற்றது இருந்து என்ன என்று அரசன் கவலைப்படுகிறான். (இந்தக் கவலை இன்றைக்கு எந்த மீட்டிங்கிலும் யாருக்கும் வருவதில்லை.) மதுரை ஆலவாய்க் கடவுள் பார்க்கிறார், 60 சூத்திரங்களை மூன்று செப்பேட்டில் எழுதிப் பீடத்தின் கீழே போட்டுவிடுகிறார். பீடத்தின் கீழே கூட்டும் வழக்கமில்லாத அர்ச்சகர், அன்றைக்கென்று பார்த்துக் கூட்டுகிறார், ஏடுகள் கிடைக்கின்றன.

"மூணு ஸ்லைடு, அறுபது பாயின்ட்டா!" என்றாள் அவள். "ஒண்ணுக்கு இருபது வருதுங்க சார். சாமியா இருந்தாலும் இது ரொம்ப ஓவருங்க."

அவள் கணக்கு சரிதான். ஆனால் கதை அதற்கப்புறம்தான். ஏடுகளைச் சங்கத்தாரிடம் கொடுக்கிறான் அரசன். ஆளுக்கு ஓர் உரை சொல்கிறார்கள். எது மெய்யுரை என்று தீர்ப்புச் சொல்ல நடுவர் வேண்டும். 49 புலவர்களுக்கு மேலே நடுவராக உட்கார எங்கே ஆள் தேடுவது? உப்பூரிகுடி கிழார் மகன் உருத்திரசன்மன் என்று ஒரு பையன் இருக்கிறான், அவனை உட்காரவைத்துக் கேளுங்கள் என்று தெய்வ வாக்கு வருகிறது. பையனுக்கு வயது ஐந்து. வாய் பேச மாட்டான். வெள்ளைத் துணி உடுத்தி, சந்தனம் பூசி, ஆசனத்தில் உட்காரவைக்கிறார்கள். புலவர்கள் ஒவ்வொருவராக வந்து உரை சொல்கிறார்கள். பையன் சும்மா உட்கார்ந்திருக்கிறான். மருதன் இளநாகனார் சொல்லும்போது சில இடங்களில் கண் கலங்கி மயிர் சிலிர்க்கிறது. நக்கீரர் சொல்லும்போது ஒவ்வொரு சொல்லுக்கும் கண்ணீர் விடுகிறான், மெய் சிலிர்க்கிறான். அதுதான் மெய்யுரை என்று முடிவாகிறது.

வகுப்பில் இந்தக் கதையை நடத்தும்போதெல்லாம் தெய்வ வாக்கையும் நக்கீரர் பெருமையையும் சொல்லிவிட்டு மணி அடித்ததும் போய்விடுவேன். இப்போது வேறொன்று உறைக்கிறது. 49 பேர் கையிலும் இருந்தது அதே மூன்று ஏடுதான். எழுதியவர் கடவுள், அதனால் எழுத்துப் பிழையும் இருந்திருக்காது. அப்படியும் அதைக் கையில் வைத்துக்கொண்டு ஐந்து வயதுப் பிள்ளையின் ஒரு மயிர்க்காலைக்கூட அசைக்க முடியாமல் மேடையை விட்டு இறங்கியவர்கள் எத்தனை பேர்! அவர்களும் சாதாரண ஆட்கள் இல்லை, சங்கப் புலவர்கள். அந்த மாதிரிக் கேட்கிற பிள்ளை எனக்கு வாய்க்க வேண்டும் என்று ஆசையாகவும் இருக்கிறது, பயமாகவும் இருக்கிறது. கைதட்டத் தெரியாதவன், நன்றியுரை சொல்லாதவன், போன் பார்க்காதவன்.

நக்கீரர் உரை உடனே ஏட்டில் ஏறிவிடவில்லை என்பது இன்னொரு விசேஷம். தன் மகன் கீரங்கொற்றனாருக்கு அவர் சொன்னார். மகன் தேனூர் கிழாருக்குச் சொன்னார். மணலூர், செல்லூர், திருக்குன்றம் என்று ஆசிரியர் மாற்றி ஆசிரியராக வந்து, முசிறி ஆசிரியர் நீலகண்டனாரிடம் சேரும்போது பத்துப் பேர் ஆகிவிட்டது. நடுவில் புளியங்காய்ப் பெருஞ்சேந்தனார் என்று ஒருவர் வருகிறார். அந்தப் பெயருக்காகவே அவரை எனக்குப் பிடிக்கும். "பத்து பேரும் பேக்கப்புங்களா சார்?" என்று கேட்டாள் அந்தப் பெண். நான் இத்தனை வருஷம் நடத்தியதை அவள் ஒரே வார்த்தையில் முடித்துவிட்டாள்.

அவளுக்கே தெரியாத ஒன்றை நான் கண்டுபிடித்தேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஷோ ஓடும்போது என் முழங்கை கீபோர்டில் பட்டது, திரை கறுப்பாகிவிட்டது. லேப்டாப் போயிற்று என்று நினைத்தாள். பட்டது 'பி' என்ற எழுத்து. அதைத் தட்டினால் திரை இருண்டுவிடும். மறுபடி தட்டினால் ஸ்லைடு வந்துவிடும். 'டபிள்யூ' தட்டினால் முழு வெள்ளை. கேத்தியில் மத்தியானத்துக்கு மேல் அந்த வெள்ளை தானாகவே விழும். கேரட் தோட்டம், ரயில் ஸ்டேஷன், ஊசிக் கம்பெனி எல்லாவற்றையும் பனிமூட்டம் மூடிவிடும். எனக்குப் பிடித்தது 'பி'தான். இதைச் சேர்த்தவர் நிச்சயம் ஒரு நாளாவது வகுப்பெடுத்திருப்பார். அத்தனை பறக்கிற எழுத்துகளையும் சுழல்கிற படங்களையும் கொடுத்துவிட்டு, எல்லாவற்றையும் அணைத்துவிட்டுப் பேசு என்றும் ஒரு சாவியை வைத்திருக்கிறார்களே.

கடைசியில் என் வரிகள் எல்லாவற்றையும் வெட்டி, ஸ்லைடுக்கு அடியில் இருக்கிற நோட்ஸ் பகுதியில் போடச் சொன்னாள். "அது உங்களுக்கு மட்டும்தாங்க தெரியும். எதிர்ல இருக்கிறவங்களுக்குப் படம்தான்." கசமேஜரும் பாதிரிமார்களும் பரிசோதனைப் பண்ணையும் கீழே இறங்கினார்கள். மேலே பள்ளத்தாக்கின் படம், ஒரு பழைய வரைபடம், அங்கங்கே ஒரு வருஷம். எழுத்து மறுபடி பெரிதாயிற்று. தலைப்புப் பெட்டியை நிரப்பவே இல்லை. நிரப்பாவிட்டால் ஷோவில் அது தெரியாதாம். பி.டி.எஃப். ஆக மாற்றிப் பள்ளிக்கு அனுப்பிவைத்தாள். அப்படி மாற்றும்போது நோட்ஸ் கூடப் போவதில்லை.

மறுநாள் பள்ளியிலிருந்து போன். "சார், ஃபைல் வந்துடுச்சுங்க. வெறும் படமாத்தான் இருக்கு. மேட்டர் எங்கேங்க சார்?"

"மேட்டர் வெள்ளிக்கிழமை காலையில பஸ்ல வருதுங்க" என்றேன்.